ஆள் நிரம்பாத ஜீப்

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன்தான் வண்டியை அதிகமாகத் தடவிக் கொடுப்பான். உரக்கடை தமிழ்வேந்தன் அந்தப் பழைய ஜீப்பின் பானெட்டைத் தடவியபடி செல்ஃபி எடுத்துக்கொண்டு நின்றான். நான் டூல்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி, மண்பாதையில் இன்னும் எட்டு கிலோமீட்டர் போனால் வரும் ஊர் அது. ஊர் என்றால் முப்பது வீடு. பெயர் வேண்டாம், அந்த ஜனங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு எங்களை இறக்கிவிட்ட பிக்கப் வண்டிக்காரன், "நான் வேணா இருக்கட்டுமாண்ணா? ஜீப்பு கெளம்பலன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டான். என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதே எனக்கு அவமானமாக இருந்தது.

"நான் தொட்டு கெளம்பாத வண்டி ஒண்ணு காட்டு பாக்கலாம். நீ போ" என்றேன்.

போய்விட்டான். இதை எழுதும்போது என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கந்தசாமி. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் பட்டறை. இருபத்தேழு வருடமாகப் பழைய ஜீப்புகளோடுதான் குடும்பம் நடத்துகிறேன். லேப்டாப்பைச் சொருகி வைத்தியம் பார்க்கிற இந்தக் காலத்துப் பையன்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வீடியோ பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் நடத்துகிற வண்டிக்காரர்களைக் கண்டால் அதைவிட ஆகாது. கண்ணேறு, காத்து கருப்பு, எலுமிச்சம்பழம் என்று ஆரம்பிக்கிறவர்களைப் பட்டறைக்குள்ளேயே விடமாட்டேன். இன்ஜினுக்கு வேண்டியது மூன்று: பொறி, பெட்ரோல், அமுக்கம். மூன்றும் சரியாக இருந்தால் அது ஓடித்தான் ஆக வேண்டும்.

தமிழ்வேந்தனுக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு நிலம், கள்ளக்குறிச்சியில் உரக்கடை. எல்லாம் போன வருடம் இறந்துபோன அப்பா விட்டுப்போனது. அந்த அப்பா ஒருகாலத்தில் இந்த மலையில் ஜீப் விட்டுச் சம்பாதித்தவர். எழுபத்திரண்டாம் வருட மாடல், நீள பாடி, பெட்ரோல் இன்ஜின், நாலு சக்கரமும் இழுக்கும். ஓட்டத்தை நிறுத்திய பிறகு இந்த ஊர்க் கொட்டகையிலேயே போட்டுவிட்டார். மகன் இப்போது அதைக் கீழே இறக்கி, பளபளவென்று பெயின்ட் அடித்து, புதிதாகக் கட்டுகிற கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தப்போகிறானாம். பெண்ணும் மாப்பிள்ளையும் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்காக. காட்டாற்றைக் கடந்த ஒரு வண்டிக்கு அதைவிடக் கேவலமான சாவு இருக்க முடியாது.

கொட்டகைக்குள் ஈர மண் வாடையும் எலிப்புழுக்கை வாடையும் அடித்தன. ஜீப்பின் பின்பக்கத்தில் மட்டும் வேறொரு வாடை. விளக்கெண்ணெயும் பழந்துணியும் வெந்நீரும் கலந்து பிள்ளை பெற்ற வீட்டில் வருமே, அது. தார்ப்பாய் மக்கிப்போய் நாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகைக்காரர் பெயர் பச்சமுத்து. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இளவயதில் இதே ஜீப்பில் கிளீனராக இருந்து, ஆள் கூப்பிட்டு ஏற்றியவராம். வண்டியை வெளியே தள்ளுவதற்கு மட்டும் கைகொடுத்தார். தள்ளி முடித்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றார்.

"எத்தினி பேருங்க போறீங்க?"

"ரெண்டு பேரு" என்றேன்.

"ரெண்டு பேருக்கெல்லாம் அது கெளம்பாதுங்க."

"ஏன், தொணைக்கு ஆளு இல்லன்னா வண்டிக்கு பயமா?"

தமிழ்வேந்தன் கெக்கெக்கே என்று சிரித்தான். பச்சமுத்து சிரிக்கவில்லை. சிரிக்கத் தெரியாத ஜனம் என்று நான் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கீழிருந்து கொண்டுவந்த புது பேட்டரியை மாட்டினேன். எர்த் ஒயரின் துருவைச் சுரண்டினேன். டேங்கில் மிச்சமிருந்த பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதியது ஊற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளை ஊதி மாட்டினேன். பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன். நாலு பிளக்கும் புதுசு. செல்ஃப் போட்டதும் இன்ஜின் நன்றாகச் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. சின்னதாக ஒரு இருமல்கூட வரவில்லை.

பிளக் ஒயரை பாடியில் காட்டிப் பார்த்தேன். பொறி நீலமாக, கொழுப்பெடுத்துப் பாய்ந்தது. பெட்ரோல் வந்துகொண்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தால் அமுக்கம் விரலைத் தள்ளியது. மூன்றும் இருந்தன. வண்டி மட்டும் செத்துக் கிடந்தது.

பதினொன்றேகாலுக்கு மழை பிடித்தது. மலையில் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. பஞ்சுப்பொதியாக மூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போயிற்று. வருகிற வழியில் கணுக்கால் தண்ணீரில் கடந்த ஓடை அரைமணி நேரத்தில் உறும ஆரம்பித்தது. நான் சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். ரொம்பத் தணிந்த குரல்.

"இன்னும் எத்தினி பேருண்ணா வரணும்?"

ஊர்ப் பொம்பளை எவளோ ஓசிச் சவாரிக்கு இப்போதே இடம் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். நிமிராமலே கத்தினேன். "யாரும் வர வேணாம். நீ மொதல்ல எறங்கு."

சுற்றிப் போய்ப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

பெஞ்சு சீட்டின் மேல் படிந்த தூசி அப்படியே இருந்தது. ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை.

கொட்டகைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்ற பச்சமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுச்சிங்களா?" என்றார்.

"இன்னா கேட்டுச்சா? எதுவா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லு. மென்னு முழுங்காத."

அவர் தமிழ்வேந்தனை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"இவுங்க அப்பாரு போட்ட சட்டம்ங்க. டிரைவரோட சேத்து பன்னண்டு தல. ஒரு தல கொறஞ்சாலும் வண்டிய எடுக்கக் கூடாது. டிரைவரு ராசு அண்ணன் மொதலாளிக்கு பயந்துக்கினு அப்பிடியேதான் செஞ்சாரு. பூமாலைன்னு ஒரு பொண்ணு. புள்ள வலி எடுத்து பின்னாடி படுத்துக்கினு இருந்திச்சி. அதோட சேத்து பத்து பேரு இருந்தோம். இன்னும் ரெண்டு பேரு வரட்டும்னு ஒக்காந்துகினு இருந்தோம். காலைல ஏழு மணிலேர்ந்து உச்சி வரிக்கும். அது கேட்டுக்கினே இருந்திச்சிங்க. இன்னும் எத்தினி பேருண்ணா வரணும், இன்னும் எத்தினி பேருண்ணா வரணும்னு. பன்னண்டாவது ஆளு வந்து ஏறினப்ப அது கேக்கல."

மழை தகரத்தில் கொட்டியது.

"அதுக்கப்புறம் பன்னண்டு பேரு இல்லாம அந்த வண்டி கெளம்பினதே இல்லீங்க. ராசு அண்ணன் தனியா எடுக்கப் பாத்து பாத்து, கடசில சாவிய இங்கியே கடாசிட்டு போயிட்டாரு. அவுரும் செத்து ரொம்ப நாளாச்சி."

"எங்கப்பாவப் பத்தி இன்னா பேசற நீ?" என்று தமிழ்வேந்தன் குரலை உயர்த்தினான். உயர்த்தியவன் பச்சமுத்துவின் முகத்தைப் பார்க்காமல், சிக்னலே இல்லாத போனை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். அவன் வீரம் அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்ட குரலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. இவர்கள் வண்டியை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை, அதை மறைக்க ஒரு செத்த பெண்ணை இழுக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குரல் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்கும். மூட்டத்தில் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது.

அப்போதுதான் கண்ணகி ஓடிவந்தாள்.

மூன்றாவது வீட்டுக்காரி. இடுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒன்று. அந்த வயதுப் பிள்ளையை யாரும் இடுப்பில் தூக்கமாட்டார்கள். அதன் கால்கள் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கி ஆடின.

"அண்ணா, வண்டி கெளம்பிடுச்சாண்ணா? எங்க அபிநயாவப் பாருங்கண்ணா. விடிகாலம் வயித்து வலின்னிச்சி. சூட்டு வலின்னு வெந்தயம் குடுத்தேன். இப்ப கண்ணத் தொறக்க மாட்டேங்குது. பாய சுருட்டினா அடில கட்டுவிரியன் சுருண்டுக்கினு கீதுண்ணா."

பிள்ளையின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். தூங்கவில்லை. விழித்துத்தான் இருந்தது. இமைகளைத் தூக்கத்தான் அதற்கு முடியவில்லை. என்னைப் பார்ப்பதற்காகத் தலையை முழுக்கப் பின்னால் சாய்த்தது.

அன்று வெள்ளிமலையில் சந்தை. ஊரில் பைக் வைத்திருந்த ஆம்பளைகள் எல்லாரும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். முழங்காலுக்கு மேல் அடித்துக்கொண்டு போகிற தண்ணீரில் பைக்கும் வராது, ஆம்புலன்ஸும் வராது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து கடக்கவும் முடியாது. அந்த ஓடையைக் கடக்கக்கூடிய ஒரே வண்டி, நான் கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்த இந்த ஜீப்தான். நான் பயந்தேன், உண்மையாகவே பயந்தேன். பேய்க்கு இல்லை, அந்த இமைகளுக்கு.

"பத்து நிமிஷம் குடும்மா" என்றேன்.

பச்சமுத்து எனக்காகக் காத்திருக்கவில்லை. மழையில் இறங்கி ஒவ்வொரு வாசலாகப் போய்க் குரல் கொடுத்தார். சந்தைக்குப் போகாமல் ஊரில் மிச்சமிருந்தவர்கள் வந்தார்கள். ஐந்து பெண்கள், இரண்டு கிழவர்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கோணிப்பையையும் முந்தானையையும் தலையில் போட்டுக்கொண்டு, வரிசையாகப் பின்பக்கம் ஏறி, நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களோடு கண்ணகியும் பிள்ளையும் பச்சமுத்துவும். தமிழ்வேந்தன் முன்சீட்டில் இருந்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அறிவிருக்கா உங்களுக்கு? புள்ள சாகக் கெடக்குது, ஊர்வலம் கேக்குதா? பழைய பிரேக்கு, கீழ சேறு, ஓடையில வெள்ளம். பன்னண்டு பேர ஏத்திக்கினு போனா எல்லாரும் ஒண்ணா போய்ச் சேரலாம். எறங்குங்க! எறங்குங்க எல்லாரும்!"

நான் சொன்னதில் தப்பில்லை. எந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லுவான். ஆனால் நான் சொன்ன விதம் வேறு. கையை ஓங்கினேன். ஒரு கிழவரைத் தோளைப் பிடித்து இழுத்துக் கீழே விட்டேன்.

கண்ணகி மட்டும் இறங்கவில்லை. "அவுங்க இருக்கட்டும்ணா. நீங்க ஏறி ஒக்காந்து ஒரே ஒரு தபா செல்ப்பு போட்டு பாருங்கண்ணா. கெளம்பலன்னா எறங்கிடறோம். ஒரே ஒரு தபா."

அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தால் நான் அவர்களை நம்பிவிட்டதாக ஆகிவிடும். அதனால் கொடுக்கவில்லை.

மற்ற எல்லாரும் இறங்கி மழையில் நின்றார்கள்.

நான் வேலை பார்த்தேன். கண்டன்சரை மாற்றினேன். காயிலை மாற்றினேன். ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று பிளக் ஒயர்களை வரிசை பார்த்து மாட்டினேன். டைமிங்கைத் திரும்ப வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு செல்ஃப் போட்டேன். இன்ஜின் சுற்றும், சுற்றும், பிடிக்காது. நாற்பது நிமிடம் போயிற்று. கடைசியில் புது பேட்டரி முக்கி முனகி நின்றது. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பின்சீட்டில் அம்மா மடியில் கிடந்த அபிநயாவுக்கு வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. விழுங்க முடியவில்லை. பேச்சு நின்று ரொம்ப நேரமாகியிருந்தது. மூச்சு மட்டும் சின்னச் சின்னதாக வந்தது.

நான் முன்பக்கம் போய் பம்பர் ஓட்டையில் ஹேண்டிலைச் சொருகினேன். பேட்டரி செத்தால் பழைய ஜீப்பைக் கையால் சுற்றி எழுப்பலாம். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, எகிறினால் மணிக்கட்டு போய்விடும். நாலு விரலாலும் கொத்தி இழுத்தேன். தமிழ்வேந்தனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து ஆக்சிலேட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இருபது முறை சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆனது.

இருபத்தோராவது முறை மூச்சு வாங்க நின்றேன்.

"இன்னும் எத்தினி பேருண்ணா வரணும்?"

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

கண்ணகி வீலென்று கத்தினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அபிநயாவின் வாய் திறந்திருந்தது.

உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. எச்சில் தேங்கி நின்றது.

அதற்குள்ளிருந்து வளர்ந்த பெண்ணின் குரல், பொறுமையாக, மறுபடியும் கேட்டது.

"இன்னும் எத்தினி பேருண்ணா?"

தமிழ்வேந்தன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து, "அப்பா, அப்பா" என்று முனகினான். யாரைத் திட்டினான், யாரைக் கூப்பிட்டான் என்று தெரியவில்லை.

"ஏறித் தொலைங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர்கள் ஏறினார்கள். நான் எண்ணினேன். ஐந்து பெண்கள், இரண்டு கிழவர்கள், பச்சமுத்து, கண்ணகி, பிள்ளை, தமிழ்வேந்தன். பதினொன்று. முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. ஒன்றும் இல்லை.

"நீங்களும் ஏறுங்கண்ணா" என்றார் பச்சமுத்து.

"நான் ஏறினா யாருய்யா சுத்தறது? உங்க பாட்டனா வருவான்?"

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். நான் ஹேண்டிலை அப்படியே ஓட்டையில் விட்டுவிட்டு, தமிழ்வேந்தனை அந்தப் பக்கம் தள்ளி, டிரைவர் சீட்டில் ஏறினேன். பாருங்கள், ஒன்றும் நடக்காது என்று காட்டுவதற்காகத்தான் ஏறினேன். அப்போதுகூட எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

மழைச் சத்தம். பன்னிரண்டு பேரின் ஈர மூச்சு.

முன்னால் 'கடக்' என்றது.

ஹேண்டில் உள்ளே போய்ப் பல் பிடிக்கிற சத்தம். என் காதுக்கு அது தப்பாது.

பக்கவாட்டில் தலையை நீட்டிப் பார்த்தேன். மூட்டத்தில் பம்பர் தெரிந்தது. பம்பருக்கு முன்னால் யாரும் இல்லை. ஹேண்டில் மெல்ல மேலே ஏறியது. உச்சிக்கு வந்து ஒரு கணம் நின்றது. பிறகு, வேலை தெரிந்த கை இழுப்பதுபோல், சரக்கென்று கீழே இறங்கியது.

ஜீப் உறுமிக்கொண்டு எழுந்தது.

யாரும் சந்தோஷப்படவில்லை. பச்சமுத்து கைகூப்பினார். நான் லோ கியரைப் போட்டு நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டேன். ஓடையில் தண்ணீர் தரைப்பலகை வழியாக உள்ளே வந்து பாதத்தை நனைத்தது. அந்தக் கிழட்டு வண்டி ஒரு இடத்தில்கூடச் சறுக்கவில்லை. பன்னிரண்டு பேர் பாரம் இருந்ததால்தான் சக்கரம் சேற்றைக் கவ்விப் பிடித்தது. அதையும் நான் யோசித்திருக்க வேண்டும். இருபத்தேழு வருட அனுபவம்.

மலை இறங்கி, பாம்புக்கடி பார்க்கிற முதல் ஆஸ்பத்திரிக்குள் வண்டியை விட்டபோது மூன்றரை மணி. வெயில்கூட அடித்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நன்றாகத்தான் போராடினார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலேகாலுக்கு வெளியே வந்த டாக்டரம்மா கண்ணகியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு முக்கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..." என்றார்.

எனக்கு அந்த முக்கால் மணி நேரம் எதுவென்று நிமிடம் நிமிடமாகத் தெரியும். கண்டன்சருக்கு ஏழு நிமிடம். காயிலுக்கு ஐந்து. டைமிங்குக்குப் பதினைந்து. மிச்சமெல்லாம் என் திமிருக்கு.

கண்ணகி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைக் கடந்து போகும்போது நின்று, "ஒரே ஒரு தபாதானண்ணா கேட்டேன்" என்றாள். பிறகு பிள்ளையோடு வேறொரு வேனில் ஏறிப் போய்விட்டாள். ஊர்க்காரர்கள் பஸ்ஸுக்கு நடந்தார்கள். ஜீப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழ்வேந்தன் சாவியை என் கையில் திணித்து, "நீயே வச்சிக்கண்ணா, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தான். அப்பா செய்ததற்கு மகன் கொடுத்த மரியாதை அது.

வாட்ச்மேன் வந்தான். "ஜீப்பு உங்களுதா? வழிய மறிச்சிக்கினு நிக்குது, எடுங்க சீக்கிரம். ஆம்புலன்ஸ் வருது."

ஏறி உட்கார்ந்தேன். மலை இறங்குகிற வரை ஓடியதில் பேட்டரி சார்ஜ் ஏறியிருக்கும். சாவியில் கை வைத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பவில்லை என்றால் அவர்கள் சொன்னது நிஜம். அப்படியானால் அந்தப் பிள்ளையைக் கொன்றவன் நான், என் கையை ஓங்கி, ஆட்களை இறக்கிவிட்டு. என் ஒருவனுக்கே கிளம்பிவிட்டது என்றால் எல்லாம் பொய். எங்கோ ஒரு ஒயரில் ஈரம், எங்கோ ஒரு லூஸ் கனெக்‌ஷன், அதைக் கண்டுபிடிக்கத் தெரியாத மட்டமான மெக்கானிக் நான். மட்டமான மெக்கானிக் என்ற பெயரோடு வாழ்ந்துவிடலாம். கிளம்பு, கிளம்பு என்று வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வண்டியைக் கெஞ்சினேன்.

சாவியைத் திருகினேன். ஒரே இழுப்பு. தொட்டதும் பிடித்துக்கொண்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. முட்டாள் ஜனங்கள், பன்னிரண்டு தலையாம், பூமாலையாம், இதோ ஒற்றை ஆளுக்குக் கிளம்பிவிட்டது பார் என்று வாய்விட்டே சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டேன்.

"பாப்பா, கால மடக்கி ஒக்காரு" என்று என் முதுகுக்குப் பின்னால் அதே தணிந்த குரலில் அவள் சொன்னாள். "பன்னண்டு பேருக்கும் எடம் வேணும்ல."